அவரு, அவங்க, வந்துச்சு

“தமிழ்லதான் ‘அவர்’னு ஒரு சொல்லு இருக்கே, அப்புறம் என்னங்க பிரச்சனை?” ஆண் என்றோ பெண் என்றோ தன்னைச் சொல்லிக்கொள்ளாத ஒருவர், தன்னை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்தால் போதும், பக்கத்தில் இருப்பவர்களில் ஒருவராவது இதைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். இங்கிலீஷ்காரர்கள் ‘ஹி’, ‘ஷி’ என்று திண்டாடட்டும், நமக்கு அந்தக் கவலை கிடையாது என்ற பெருமையும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும். ஆனாலும் இந்தப் பதில் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. காகிதத்தில் அது சரி. சேலம் அம்மாபேட்டையில் ஒரு வீட்டுத் திண்ணையிலோ, அஞ்சு ரோட்டில் ஒரு டீக்கடையிலோ அது சரிப்படுவதில்லை.

எழுத்தில் ‘அவர் வந்தார்’ என்றால் வந்தது ஆணா பெண்ணா என்று தெரியாது. செய்தித்தாளில் மேயரும் கலெக்டரும் நடிகையும் எல்லாருமே ‘அவர்’தான். அதையே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: “அவரு வந்தாரு.” சேலத்தில் இதைக் கேட்கும் யாருக்கும் ஓர் ஆண்தான் மனதில் வருவார். பள்ளிக்கூட டீச்சரையோ, பக்கத்து வீட்டு நர்ஸம்மாவையோ பேச்சில் யாரும் ‘அவரு’ என்பதில்லை. “அவங்க வந்தாங்க” என்றுதான் சொல்வோம். எழுத்தில் பொதுவாக இருக்கும் சொல் நாக்கில் ஏறியதும் ஆண்பாலாகிவிடுகிறது. பலரும் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். வேலை செய்யும் இடத்தில் ஒருவர் துணிந்து, “என்னை ‘அவர்’ என்று குறிப்பிடுங்கள்” என்று சொல்லிவிடுகிறார். கடிதமும் மெயிலும் அன்றே சரியாகிவிடுகின்றன. டீ குடிக்கும் நேரத்தில் “அவரு சொன்னாரே” என்று பேச்சு வருகிறது. பிறப்பில் ஆண் என்று பதிவானவருக்கு அது பழைய ‘அவன்’ கொஞ்சம் மரியாதை சேர்த்துக்கொண்டு திரும்பி வந்ததுபோலத்தான். பெண் என்று பதிவானவரோ ஒரே நாளில் ஆணாக்கப்பட்டுவிடுகிறார். பெண் என்று பதிவாகி ஆணாக வாழும் திருநம்பி ஒருவருக்கு இதுவே வேண்டியதாக இருக்கலாம்; அவருக்கு ‘அவரு’, ‘வந்தாரு’ கச்சிதமாகப் பொருந்தும். இரண்டும் வேண்டாம் என்பவருக்கு இது உதவாது.

‘அவங்க’ அப்படியில்லை. அதற்கும் பெண் பக்கம் ஒரு சாய்வு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு பக்கமாக உறைந்துவிடவில்லை. கணவனைப் பற்றிப் பேசும் மனைவி “அவங்க இன்னும் வரல” என்கிறார். கடையில் நான்கு பேர் நின்றால் அவர்களும் ‘அவங்க’தான். யாரென்றே தெரியாத ஆளைப் பற்றியும் “யாரோ வந்தாங்க” என்றே சொல்கிறோம். அதனால் கேட்பவர் காதில் இது சட்டென்று ஆணாகவோ பெண்ணாகவோ உட்கார்ந்துவிடாது. என் தீர்ப்பு இதுதான்: எழுத்துக்கு ‘அவர்’, பேச்சுக்கு ‘அவங்க’. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். சொல்லும்போது பெயரை மட்டும் சொல்லாமல் வினையோடு சொல்ல வேண்டும். பெயர் மதி என்று வைத்துக்கொண்டால், “மதி வந்தாங்க, மதி சொன்னாங்க, மதி வரமாட்டாங்க” என்று மூன்று வாக்கியம் கொடுத்தால் கேட்பவருக்குப் பிடிபடும். ஏனென்றால் தமிழில் அவன், அவள், அவர் என்ற பிரதிப்பெயரைத் தொடாமலே ஒரு நாள் முழுக்கப் பேசிவிடலாம். ஆனால் வினைமுற்றின் வாலில் ஆன், ஆள், ஆர், ஆங்க ஏதாவது ஒன்று வந்து நின்றுவிடும். பிரதிப்பெயரைத் தேர்ந்தெடுப்பது என்று நாம் பேசுவது பாதிக்கு மேல் இந்த வாலைத் தேர்ந்தெடுப்பதுதான்.

மரியாதை கேக்குறியா?

வீட்டுக்குள் ‘அவங்க’ எடுபடாமல் போவதற்குப் பாலினம் மட்டும் காரணமில்லை, வயதும் காரணம். பத்தொன்பது வயதுப் பிள்ளை அறுபது வயது அத்தையிடம் “என்னை அவங்கன்னு சொல்லுங்க” என்றால், அத்தை காதில் விழுவது வேறு. “நேத்துப் பொறந்ததுக்கு ‘ங்க’ போட்டுப் பேசணுமாக்கும்” என்று அது மரியாதைச் சண்டையாகிவிடும். அத்தைக்குத் திருநங்கை, திருநம்பி என்றால் என்னவென்று தெரிந்திருக்கலாம். தூரத்து உறவில் யாரையாவது ஏற்றுக்கொண்டும் இருக்கலாம். ஆனாலும் சின்னவருக்கு ‘ங்க’ போடுவது அவருக்கு முறையல்ல. இதைப் பாலின வெறுப்பு என்று எடுத்துக்கொண்டு வாதாடினால் வாதம் முடியவே முடியாது.

அதனால் பெரியவர்களிடம் முதலில் போகாதீர்கள். ‘ங்க’ இயல்பாக வருபவர்களிடம் தொடங்குங்கள்: தம்பி, தங்கை, அவர்களைவிடச் சின்னவர்கள், கூட வேலை செய்பவர்கள், கடைக்காரர், வீட்டு ஓனர். இவர்கள் எப்படியும் உங்களுக்கு ‘ங்க’ போடக் கடமைப்பட்டவர்கள்தான். இன்னொன்று, உங்களைப் பற்றிய படர்க்கைப் பேச்சு உங்கள் முன்னால் நடப்பது குறைவு. அது அடுப்படியிலும் போனிலும் நடக்கும். ஆகவே வீட்டில் ஒரே ஓர் ஆளை, அக்காவோ சித்தி மகளோ, முழுதாகப் பழக்கிவிட்டால் போதும். அந்த ஆள் போனில் “மதி கிளம்பிட்டாங்க” என்று தினமும் சொல்லச் சொல்ல, எதிர்முனையில் இருப்பவருக்கும் காது பழகும். எல்லாரையும் உட்கார வைத்து விளக்கம் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். விளக்கக் கூட்டம் போட்ட வீடுகளில், அடுத்த பொங்கல் வரைக்கும் அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் பேசுவார்களே தவிர, வினைமுற்று மாறியிருக்காது.

பால் தெரியாத பேச்சு

சரி, அந்த அறுபது வயது அத்தையை என்ன செய்வது? அவருக்கு ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில் பாதித் தூரம் அவர் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறார். பேச்சுத் தமிழில் பால் காட்டுவது நடந்ததையும் நடப்பதையும் நடக்கப்போவதையும் உடன்பாடாகச் சொல்லும் வினைமுற்றுதான்: வந்தான், வர்றான், வருவான். இல்லை என்று சொல்லும்போது பெரும்பாலும் பால் போய்விடுகிறது. ‘வரல’, ‘சாப்பிடல’, ‘தூங்கல’ யாருக்கும் பொருந்தும். ‘வரலாம்’, ‘வரணும்’, ‘வரக்கூடாது’, ‘வரட்டும்’, ‘வர முடியாது’ எல்லாமே அப்படித்தான். ‘கு’ உருபு போட்டுச் சொல்பவை இன்னொரு பெரிய கூட்டம்: மதிக்குப் பசிக்குது, மதிக்குக் காய்ச்சல், மதிக்கு ரசம் பிடிக்கும், மதிக்கு ஓமலூர்ல வேலை கிடைச்சிருக்கு. அப்புறம் ‘ஆச்சு’ இருக்கிறது: சாப்பிட்டாச்சு, கிளம்பியாச்சு, வந்தாச்சு. ஒரு பெரியம்மா ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசுவது பெரும்பாலும் சாப்பாடு, உடம்பு, வேலை, வந்ததா வரவில்லையா என்பதுதான். அத்தனையையும் இந்த அச்சுகளிலேயே வார்த்துவிடலாம்.

இடறும் இடங்கள் இரண்டு. ஒன்று ‘மாட்டான், மாட்டா’. எதிர்மறையாக இருந்தும் இது பால் காட்டும். ‘வரமாட்டான்’ என்பதற்குப் பதில் ‘வர்றது கஷ்டம்’, ‘வர வாய்ப்பில்ல’ என்று பழக்க வேண்டும். மற்றொன்று ‘படிக்கிறவன், படிக்கிறவ’ போன்றவை. இங்கே ‘படிக்கிற புள்ள’ என்றால் தீர்ந்தது. ‘ஒருத்தன், ஒருத்தி’ என்று வரும் இடத்தில் ‘ஒருத்தர்’ பேச்சிலும் பொதுவாகவே நிற்கிறது, ‘அவரு’ மாதிரி ஆண்பக்கம் சாய்வதில்லை. ஏன் என்று எனக்கு ஆச்சரியம்தான்.

இந்தப் பட்டியலை அத்தையிடம் கொடுக்க வேண்டாம். நீங்கள் அவரோடு பேசும்போது இந்த அச்சுகளில் கேளுங்கள். “மதிக்கு என்ன வேணுமாம்?” என்று கேட்டால் “மதிக்குக் காப்பி போதுமாம்” என்றுதான் பதில் வரும். கேள்வி போன அச்சிலேயே பதிலும் வரும்.

விளிப்பதற்கும் இதே உத்திதான். ‘டா’ வேண்டாம், ‘டி’ வேண்டாம் என்று தடை மட்டும் போட்டால் நாக்கு தயங்கி நின்று, பழையதற்கே திரும்பிவிடும். தடையோடு மாற்றுச் சொல்லையும் கொடுக்க வேண்டும். நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ‘கண்ணு’, ‘சாமி’, ‘தங்கம்’ மூன்றும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சொல்வதுதான். “ஏங்கண்ணு, சாப்பிட்டியா?” என்பதில் எந்தப் பாலும் இல்லை. நீ, நான் இரண்டுக்கும் தமிழில் பாலே கிடையாது என்பது நமக்குப் பெரிய உபகாரம். நேருக்கு நேர் பேசும் பேச்சில் முக்கால்வாசி அதிலேயே கழிந்துவிடும்.

‘வந்துச்சு’ யார் வாயில்

இதுதான் சிக்கலான இடம். ‘அது’ என்பது திருநங்கைகள் மீது தெருவில் வீசப்படும் சொல். அதன் காயம் தெரிந்தவர்கள் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். ஆனால் சேலத்திலும் தர்மபுரிப் பக்கத்திலும் வீட்டுப் பேச்சில் “அக்கா வந்துச்சு”, “அந்தப் பொண்ணு சொல்லுச்சு”, “அம்மா தூங்குது” என்று சொல்வது அன்றாட வழக்கம். சொல்பவர் யாரையும் உயர்திணையிலிருந்து இறக்கவில்லை. சொந்த அக்காவைத்தான் அப்படிச் சொல்கிறார். ‘அவ வந்தா’ என்பதைவிட அதில் மென்மை அதிகம் என்றுகூடச் சொல்வேன். ‘புள்ள’ என்ற சொல்லோடு இது இன்னும் இயல்பாக ஒட்டும்: “புள்ள இப்பதான் வந்துச்சு.” ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இரண்டுக்கும் இது பொருந்தும்.

ஆகவே ஆண், பெண் இரண்டும் வேண்டாம், ‘ங்க’வும் கிடைக்காது என்ற வீட்டில், ‘மதி வந்துச்சு’ கைக்கெட்டும் வழி. சிலர் இதை விரும்பியே எடுத்துக்கொள்கிறார்கள். சிலருக்கு உடம்பெல்லாம் கூசும். இரண்டுமே நியாயம்தான், எதைக் கொள்வது என்பது அந்த ஆள் முடிவு செய்ய வேண்டியது. மற்றவர் ‘இதுல என்ன இருக்கு’ என்று திணிக்கக் கூடாது. ஒருவர் வாயில் வரும் ‘வந்துச்சு’ பாசமா இளக்காரமா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு: அவர் தன் சொந்த மகளுக்கும் மருமகளுக்கும் இதே வினையைப் போடுகிறாரா? போட்டால் பாசம். அவர்களுக்கெல்லாம் ‘வந்தா’, உங்களுக்கு மட்டும் ‘வந்துச்சு’ என்றால் அது வேறு. ‘அது’ என்ற பெயர்ச்சொல் தனியாக, விரல் நீட்டி வந்தாலும் வேறுதான்.

பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புபவருக்கு ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புபவருக்குப் பெண்பால், இருவருக்கும் அஃறிணையும் ஆகும் என்று நன்னூலே விதி சொல்கிறது. விருப்பத்தைப் பார்த்துப் பாலைக் கொடு என்ற அந்த எண்ணம் பிடிக்கும். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு அத்தையிடம் போவதில் பயனில்லை. நூற்பா சொல்லி யாரும் நாக்கை மாற்றிக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதேபோல, ஆடித் திருவிழாவில் சேலம் குகைப் பகுதியில் சாமி வேஷம் கட்டி வண்டியில் ஊர்வலம் வரும் வண்டிவேடிக்கையைக் காட்டி “நம்ம ஊரு எப்பவோ ஏத்துக்கிச்சு” என்று சொல்பவர்களும் உண்டு. அம்மன் வேஷம் கட்டிய ஆணைப் பார்த்துக் கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டு “அம்மா” என்று கும்பிடுவது உண்மைதான். கூத்தில் பெண் வேஷம் கட்டியவரைத் “திரௌபதி வந்தா” என்று சொல்ல யாருக்கும் நாக்குத் தடுக்குவதில்லை. நாக்கால் முடியும் என்பதற்கு இது சாட்சி, அவ்வளவுதான். வேஷம் கலைந்ததும் பழைய பெயர், பழைய வினை. வேஷம் கட்டாமல் மறுநாள் காலையில் பால் வாங்க வருபவருக்கு அந்தக் கும்பிடு உதவாது.

பத்திரிகை, முறை

உறவுச் சொல்லுக்கு இந்த உத்தி எதுவும் செல்லாது. அண்ணன், அக்கா, மாமா, அத்தை, சித்தப்பா, சித்தி என்று எல்லாவற்றுக்கும் பால் உண்டு, நடுவில் ஒன்று கிடையாது. அதோடு அவை வெறும் கூப்பிடும் சொற்களுமல்ல. தாய்மாமன் என்றால் சீர் உண்டு, காதுகுத்துக்கு மடி உண்டு. சட்டையிலிருந்து சேலைக்கு மாறிய ஒருவரின் அக்கா மகளுக்குக் காது குத்தும்போது, மடியில் யார் உட்கார வைப்பது என்ற கேள்வி மண்டபத்தில் எழுந்தால் எல்லாருக்கும் அவமானம். கடமையையும் பெயரையும் பிரித்துப் பேசுவதுதான் இதில் உருப்படியான வழி: சீரும் மடியும் அவருடையதுதான், கூப்பிடும் பெயர் மட்டும் மாறும். சின்னக் குழந்தைக்கு எதைச் சொல்லிக் கொடுத்தாலும் அதுவே உறவுச் சொல்லாகிவிடும், அவருடைய செல்லப் பெயராக இருந்தாலும் சரி. இதை நாள் குறித்தவுடனேயே, வீட்டில் சொல் எடுபடும் பெரியவர் ஒருவரிடம் பேசி முடித்துவிட வேண்டும்.

அடுத்து பத்திரிகை. பெயருக்கு முன்னால் செல்வன், செல்வி, திரு, திருமதி என்று பிரஸ்ஸில் அவர்களாகவே போட்டுவிடுவார்கள். எழுதிக் கொடுத்த தாளில் இல்லாவிட்டாலும் அச்சில் வந்துவிடும். புரூஃப் வாட்ஸப்பில் வரும்போது பார்ப்பவர் தேதி, முகூர்த்த நேரம், மண்டபம் மூன்றையும் பார்த்துவிட்டு ‘ஓகே’ போட்டுவிடுகிறார். ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்பதற்குக் கீழே இருக்கும் பொடி எழுத்துகளையும் பாருங்கள். எல்லாருக்கும் அடைமொழியை எடுத்துவிட்டால் ஒருவர் பெயர் மட்டும் மொட்டையாகத் தெரியாது. ஐந்நூறு பத்திரிகை அடித்த பிறகு யாரும் திருப்பி அடிக்க மாட்டார்கள்.

வெளியில் நடமாடுவது பற்றிச் சுருக்கமாக. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் வந்தது, ஜூனில் திருநங்கைகளுக்கும் அது நீண்டது. நல்ல திட்டம். ஆனால் கூடவே, பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறும் ஒவ்வொருவரையும் கண்டக்டர் ஒரு பார்வையில் பிரிக்க வேண்டியதாகிவிட்டது. கிராப்பும் சட்டையுமாக இருப்பவரிடம் அவர் ஒரு நொடி தயங்குவார், அந்த ஒரு நொடியில் பக்கத்து சீட் திரும்பிப் பார்க்கும். அதைத் தவிர்க்க விரும்புபவர்கள் சில்லறையை முன்னாலேயே நீட்டி, ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்கிவிடுகிறார்கள். இலவசம் வேண்டும் என்பவர் தயங்காமல் கேட்கலாம், அது உரிமை. மார்பு தட்டையாகத் தெரிய இறுக்கிக் கட்டுபவர்களுக்கு ஒன்று: மெடிக்கலில் கிடைக்கும் கிரேப் பேண்டேஜை எடுக்கவே எடுக்காதீர்கள். மூச்சு விட விட அது இறுகும், விலா எலும்பு பாதிக்கும். டேப் வைத்து அளந்து, அதற்கென்றே தைத்த பைண்டரை வாங்குங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், தூங்கும்போதும் ஓடியாடும் வேலையின்போதும் வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் அந்த எட்டு மணியே அதிகம். வேர்த்துப் புண்ணாகும், உள்ளே மெல்லிய பருத்தி பனியன் ஒன்று போட்டுக்கொள்ளலாம். ஏற்காடு பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவிலும் குமட்டிக்கொண்டு வரும்போது அது மார்பில் இறுகிக் கிடந்தால் மூச்சு முட்டும், மேலே போய்ப் போட்டுக்கொள்வது நல்லது. வலி, மரமரப்பு, மூச்சுத்திணறல் எது வந்தாலும் உடனே கழற்றிவிட வேண்டும்.

காகிதம் வேறு

எந்த அரசு விண்ணப்பத்திலும் ‘உங்களை அவன் என்பதா அவள் என்பதா’ என்று ஒரு கட்டம் இல்லை. இருப்பது பால் என்ற கட்டம்தான். அதில் எத்தனை விருப்பம் இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை. சேலத்துக்காரரான பிரித்திகா யாஷினி எஸ்.ஐ. தேர்வுக்கு விண்ணப்பித்தபோது அதில் ஆண், பெண் இரண்டுதான் இருந்தன. சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2015 நவம்பரில் தீர்ப்பு வாங்கித்தான் நாட்டின் முதல் திருநங்கை எஸ்.ஐ. ஆனார். அதற்கு முந்தைய ஆண்டு, 2014 ஏப்ரல் 15 அன்று, தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருந்தது. திருநர் உரிமைப் பாதுகாப்புக்கான 2019 சட்டம் எழுதப்பட்டபோது அதன் வரையறையில் திருநங்கை, திருநம்பியரோடு, ஆண், பெண் இரண்டிலும் அடங்காத ஜெண்டர்குயர் என்பவர்களும் இருந்தார்கள். 2020 விதிகளின்படி, தேசிய இணையதளத்தில் விண்ணப்பமும் உறுதிமொழிப் பத்திரமும் கொடுத்தால், உடல் பரிசோதனை இல்லாமல் முப்பது நாளில் கலெக்டர் திருநர் என்ற சான்றிதழும் அடையாள அட்டையும் தர வேண்டும் என்று வைத்தார்கள். ஆண் அல்லது பெண் என்று மாற்றிக் கேட்டால் மட்டும் மருத்துவச் சான்று கேட்டார்கள். அந்த மாவட்டத்தில் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. தர்மபுரி ஆதாரை வைத்துக்கொண்டு சேலத்தில் ஹாஸ்டலில் இருப்பவர்கள் தடுக்கி விழுந்தது இங்கேதான். விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பெயர் மாற்றுவதில் இனிஷியல்தான் அதிகம் படுத்தும். பள்ளிச் சான்றிதழில் முன்னால் ஓர் எழுத்து, பான் கார்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், ஆதாரில் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு. அரசிதழில் பழைய பெயரைப் பள்ளிச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டோடு அப்படியே கொடுக்க வேண்டும், புள்ளி உட்பட. புதுப் பெயருக்கு மதி, ஜீவா, தமிழ், அன்பு, ஜோதி என்று இரண்டு பக்கமும் செல்லும் பெயர்கள் நம்மிடம் நிறையவே இருக்கின்றன. ஆதார் படத்துக்கும் ஆளுக்கும் பொருத்தம் தெரியாதவர்கள் ஏற்காட்டில் ரூம் போடும்போது, முன்பே போனில் சொல்லிவிட்டுச் சான்றிதழ் நகலோடு போவது நல்லது. மே மாதக் கூட்டத்தில் இரவு எட்டு மணிக்கு லாட்ஜ் கவுண்டரில் நின்று விளக்கம் சொல்வதுபோல் அலுப்பு வேறில்லை.

ஆனால் சான்றிதழ் கைக்கு வரும் வரை ‘அவங்க’வுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்குக் காகிதம் தேவையில்லை. சான்றிதழ் வந்ததும் வீட்டில் வினைமுற்று மாறிவிடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். அங்கே நடப்பது வாக்கியத்துக்கு வாக்கியம் திருத்துவதுதான். திருத்துவது சம்பந்தப்பட்டவராக இல்லாமல் பக்கத்தில் இருப்பவராக இருந்தால் வேலை சுலபம். “மதி வந்தான்...” “வந்தாங்களா? சாப்பிட்டாங்களான்னு கேளு” என்று பேச்சு நிற்காமல் போய்விட வேண்டும். தப்பாகச் சொன்னவர் மன்னிப்புக் கேட்டு உருகத் தொடங்கினால், கடைசியில் மதிதான் அவரைத் தேற்ற வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் கவனத்தில் வைத்துக்கொள்ளலாம். வேகமான பேச்சில் ‘வந்தான்’ என்பதன் கடைசி ‘ன்’ மூக்கில் கரைந்துவிடும், ‘வந்தாள்’ என்பதன் ‘ள்’ விழுந்தே விடும். போனில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மூக்கொலி மட்டும்தான். ஆகவே ஒரு தடவை காதில் விழுந்ததை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். பேச்சு இன்னும் கொஞ்சம் ஓடட்டும், ‘அவனா’ ‘அவளா’ என்பது தெளிவாகவே வந்துவிடும். திருத்த வேண்டியிருந்தால் அங்கே திருத்திக்கொள்ளலாம்.